கொசுறு டப்பாவும் செம்பூர் மாமியின் பஞ்சுவும்

தீவன வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, உங்கள் கடைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அலமாரியில் வரிசையாகப் பளபளக்கும் பைகள். முயலுக்கு ஒன்று, கினிப் பன்றிக்கு ஒன்று, சின்ச்சில்லாவுக்கென்றே தனியாக ஒன்று, பையின் மேல் அதன் படம் வேறு. "போன தடவை வாங்கினது இல்லையா? சரி, வேற ஏதாவது குடுங்க" என்கிறார் வந்தவர். நீங்களும் பக்கத்துப் பையை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்குப் பொறுக்காது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தீவனக் கடையில் வேலை பார்த்தேன். ஜாகை தாராவியில். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாங்க வருகிற மராட்டிக்காரர்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மாட்டுக்குப் புண்ணாக்கு, குதிரைக்குக் கொள்ளு, கோழிக்குக் குருணை, கிளிக்குத் தினை. நீங்கள் பெல்லட் என்கிற குச்சித் தீவனம் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. வாங்க வந்தவர் யாரும் கொசுறு இல்லாமல் கடைப்படி இறங்கக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் வேர்க்கடலை, பொரிகடலை, உடைந்த கிஸ்மிஸ் பழம். சரக்கைக் கட்டிக் கொடுத்ததும் டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலமாக்கி, "உங்க கிளிக்கு நம்ம கடை தீனி" என்று கொடுப்பார். நான் மறந்தால் எனக்கு வசவு விழும். "ஏல, வெறுங்கையோட அனுப்புதியே, ஊருல உள்ளவன் பாத்தா காறித் துப்ப மாட்டான்?" என்பார். பம்பாய் வந்து இருபது வருஷம் ஆன பிறகும் அவருக்கு ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். நாற்பது வயதிருக்கும். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். காப்பிப்பொடிக்கும் கோயிலுக்கும் மூன்று நாளைக்கு ஒரு தரமாவது பஸ் ஏறி வருபவர். கணவர் கப்பலில் என்ஜினீயர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல்மேல். பிள்ளைகள் இல்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பச்சையும் பழுப்புமாக நாலைந்து குச்சிகளைப் பலகைமேல் வைத்தார்.

"ஏம்ப்பா, இதே மாதிரி கிடைக்குமா?"

எந்தப் பிராணிக்கு என்று கேட்டேன். சின்ச்சில்லா என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அணிலுக்கும் முயலுக்கும் பிறந்த மாதிரி இருக்கும், சாம்பல் நிறம், அப்படி ஒரு மெத்து என்று கையால் காட்டினார். கணவர் போன தடவை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஜோடியாக வாங்கி வந்தாராம். கூடவே ஒரு மூட்டைத் தீவனம். பெயர் பட்டு, பஞ்சு. பம்பாய் வெக்கை அவற்றுக்கு ஆகாது என்பதால், வீட்டில் இருந்த ஒரே ஏசியை அந்த அறைக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமியும் அங்கேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். 'எலிக்கு ஏசியா' என்று கட்டடமே சிரித்தது, மாமி கண்டுகொள்ளவில்லை. கணவரின் கடிதம் ஒவ்வொன்றிலும், பட்டுவும் பஞ்சுவும் எப்படி இருக்கின்றன என்பதுதான் முதல் வரி.

மூட்டையை மாமி தாழ்வாரத்தில் வைத்திருந்தார். மழைச் சாரல் பட்டுப் பூசணம் பிடித்துவிட்டது. அதுதான் சிக்கல்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுப் பிராணி, புதுச் சவால்! அந்தக் குச்சி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். சிரிக்காதீர்கள், அப்போது எங்களுக்கு அதுதான் ஆய்வுக்கூடம். காய்ந்த புல்லின் ருசி. இனிப்பு துளியும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. கடையில் இருந்த மூன்று குச்சித் தீவனங்களையும் வரிசையாகக் கடித்துப் பார்த்தேன். கோழிக்கானது கொழுப்பும் மருந்து வாடையுமாக இருந்தது, தள்ளினேன். முயலுக்கானதில் வெல்லப்பாகு தூக்கலாக இருந்தது, அதையும் தள்ளினேன். மூன்றாவது, பரிசோதனைக் கூடத்துக் கினிப் பன்றிகளுக்காக ஒரு மில்லில் செய்து வந்தது. புல் வாடை, நார் நாராக உடைந்தது, தித்திப்பு இல்லை. "இதுதான் மாமி" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். தேர்ந்தெடுத்ததில் நான் தவறவில்லை.

"பழசை இன்னைக்கே தூக்கிப் போட்டுருங்க. ராத்திரியிலேருந்து இதையே குடுங்க" என்று சொல்லி, பெரியதாக ஒரு கொசுறுப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் பட்டு செத்துப்போனது.

மாமி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடை ஓரத்தில் நின்று, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, "பட்டு போயிடுத்துப்பா. பஞ்சு சுமாரா சாப்பிடறது. என்ன பண்ணட்டும்?" என்றார். அவ்வளவுதான்.

அண்ணாச்சி என்னை உள்ளே இழுத்துப் போய், "மாட்டுக்குப் புண்ணாக்க மாத்துனாலே ஒரு வாரம் பழசும் புதுசுமா கலந்துல்லால வைப்போம்? ஒரே நாள்ல மாத்தச் சொன்னியோ?" என்றார். எனக்குத் தெரியாத விஷயமா அது? சின்ன வயதிலிருந்து தெரியும். கப்பலில் வந்த பிராணி என்றதும், நம்மூர் மாட்டுக்கு உள்ள வயிறு அதற்கும் உண்டு என்பதை மறந்துவிட்டேன். பூசணம் பிடித்ததை எறியச் சொன்னது சரி. ஆனால் வேறு எங்கேயாவது நல்லதாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டாமா? அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன். இருந்தது. ஏசி அறைக்குள்ளேயே ஒரு பிஸ்கட் டின்னில் பழைய தீவனம் கொஞ்சம், ஈரம் படாமல். அந்த டின்தான் இனிப் பஞ்சுவின் உயிர் என்று புரிந்தது. எண்ணிக் கலக்கச் சொன்னேன். இருபது குச்சிக்குப் பழசு பதினெட்டு, புதுசு இரண்டு. மூன்று நாளுக்கு ஒரு தரம் பழசில் இரண்டைக் குறைத்துப் புதுசில் இரண்டைக் கூட்ட வேண்டும். மாமி மூன்று நாளுக்கு ஒரு தரம் மாட்டுங்கா வரும்போதெல்லாம் கடைக்கு வந்து கணக்கொப்பித்தார். நாலு, ஆறு, எட்டு. பஞ்சு சாப்பிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

ஒவ்வொரு தடவையும் நான் டப்பாவில் கைவிட்டேன். மற்றவர்களுக்கு ஒரு பிடி என்றால் மாமிக்கு இரண்டு பிடி, கிஸ்மிஸாகப் பொறுக்கி. வேறு எதைக் கொடுக்க முடியும் என்னால்? செத்துப்போன பட்டுவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அண்ணாச்சியும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பத்துக்குப் பத்து என்று பாதிக்குப் பாதி வந்த மறுநாள் காலை, கடை திறந்ததும் மாமி வந்துவிட்டார். அன்று அவர் வருகிற நாள் இல்லை. ஒரு காகிதத்தைப் பிரித்துப் பலகைமேல் வைத்தார்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "சீரகமா மாமி? நம்ம கடையில சீரகம் கெடையாதே" என்றார்.

"புழுக்கைப்பா. எப்பவும் அரிசி மாதிரி தடியா இருக்கும். நேத்தியிலேருந்து இப்படி ஆயிடுத்து. கூனிக் குறுகி மூலையில உக்காந்துண்டிருக்கு. குச்சியைத் தொட மாட்டேங்கறது." காகிதத்தை மறுபடி மடித்தார். "இதுவும் போயிட்டா நான் அவருக்கு என்னன்னு எழுதுவேன்?"

பட்டு செத்ததையே அவர் இன்னும் கணவருக்கு எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று கடிதங்களில் 'இரண்டும் சௌக்கியம்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்.

அண்ணாச்சி உடனே தீர்ப்புச் சொன்னார். "புதுசு ஒத்துக்கிடல. பழசுக்கே போயிருங்க." கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழசை மட்டும் போட்டால் டின் இரண்டு வாரத்தில் காலி. அப்புறம் கலக்க ஒன்றும் இருக்காது. பட்டுவுக்கு நடந்ததேதான் நடக்கும். புதுசிலேயே தொடர்ந்தால் இன்றைக்கே போய்விடலாம். மாட்டு டாக்டர் ஒருவரை ஏற்கெனவே கேட்டாயிற்று. அவர் சின்ச்சில்லாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நெருக்கடியில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை நம்பாதீர்கள். "இப்போதைக்கு எதையும் மாத்த வேண்டாம் மாமி. நான் வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். மாமி அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். வந்த ஆட்களுக்குச் சரக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு நானும் புறப்பட்டேன்.

பஸ் நிற்கிற முனையில், ஒரு பசுவைக் கட்டிப்போட்டுப் புல் விற்கும் மராட்டி அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கோயிலுக்குப் போகிறவர்கள் அவளிடம் ஒரு கட்டுப் புல் வாங்கி அந்தப் பசுவுக்கே போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். எங்கள் கடையில்தான் தவிடு வாங்குவாள். என் முகத்தைப் பார்த்து, "கியா ஹுவா அண்ணா?" என்றாள், என்ன ஆயிற்று என்று. எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கதையைச் சொன்னேன்.

"அவுர் கியா கிலாயா?" வேறு என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"குச் நஹி" என்றேன். ஒன்றுமே இல்லை.

அவள் பெரிதாகச் சிரித்துவிட்டுப் பசுவின் வயிற்றைத் தட்டினாள். புல்லோடு போகிறார்களா புண்ணியவான்கள்? ஒருவர் வாழைப்பழம், ஒருவர் பூரி, ஒருவர் லட்டு. சாயங்காலம் பசுவுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் இதே 'குச் நஹி'தான். "முஃப்த் கா மால் கோயி கின்தா நஹி" என்றாள். சும்மா கொடுத்ததை எவரும் எண்ணுவதில்லையாம். பிறகு தான் உட்கார்ந்திருந்த காய்ந்த புல்லிலிருந்து, யாரும் வாங்காத அந்த வைக்கோல் மாதிரியானதிலிருந்து, ஈரமில்லாததாகப் பார்த்து ஒரு கத்தை உருவி என் கையில் திணித்தாள். பசுவுக்கு வயிறு சரியில்லை என்றால் அவள் செய்கிற வைத்தியம் அதுதான்.

சயான் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு மெல்ல உறைத்தது. சும்மா கொடுத்தது ஒன்று எங்கள் கடையிலும் உண்டே.

மாமி வீட்டில் அந்த அறை குளுகுளுவென்று இருந்தது. பஞ்சு கூண்டு மூலையில் ஒரு சாம்பல் பந்தாகக் கிடந்தது. காது மடங்கியிருந்தது. கூண்டுக்குப் பக்கத்து ஸ்டூல்மேல், எங்கள் கடைக் காகிதங்களை மாமி நீவி மடித்து அடுக்கி வைத்திருந்தார். ஐந்தாறு இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மிச்சம் இரண்டு கிஸ்மிஸ்.

"இதெல்லாம் பஞ்சுவுக்குக் குடுத்தீங்களா மாமி?"

"பின்னே? நீங்க குடுத்ததாச்சே. அதுக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டிக் குடுக்கறேளே, நல்லதுன்னுதான் நெனச்சேன். குச்சியை விட்டாலும் இதை விடாது. நேத்திக்குக் கொஞ்சம் கூடவே குடுத்தேன்."

வெல்லப்பாகு இருக்கிறது என்று முயல் தீவனத்தைத் தள்ளிய மகா புத்திசாலி நான். அதே வாயால் தித்திப்பே கூடாது என்று சொல்லிவிட்டு, அதே கையால் தித்திப்பையும் எண்ணெய்க் கடலையையும் பிடி பிடியாக அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இருபது குச்சியை எண்ணி எண்ணிக் கலக்கச் சொன்னேன், கொசுறை எண்ணவில்லை. என் மனப்பாரத்தை அந்தக் குட்டி வயிற்றில் இறக்கிவைத்திருக்கிறேன்.

ஒரு நிமிஷம் என் புத்தி வேறு பக்கம் போனது. அந்த நிமிஷத்தைப் பற்றி உங்களிடம் மறைக்கப் போவதில்லை. 'புதுத் தீவனம் சரியில்லை, மில்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று சொல்லலாம், மாமி நம்பிவிடுவார். கிண்ணத்தை நைசாக எடுத்து வெளியே கொட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மில்காரன்மேல் பழியைப் போட்டால் அந்த நல்ல தீவனத்தையும் நிறுத்த வேண்டிவரும். அப்புறம் பஞ்சு எதைத் தின்னும்? பொய் சொன்னால் வைத்தியமும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"மாமி, தீவனத்து மேல தப்பில்ல. இந்தக் கொசுறுதான். நான்தான் குடுத்தேன். கேக்காம, யோசிக்காம குடுத்துட்டேன்."

மாமி ஸ்டூல்மேல் இருந்த காகிதங்களைப் பார்த்தார். "அப்போ பட்டுவுக்கும்..." என்றார்.

நான்கு நாளில் பட்டுவும் என் பொட்டலத்தைத் தின்றிருந்தது.

"தெரியல மாமி. தீவனத்த ஒரே நாள்ல மாத்துனதாலயும் இருக்கலாம், இதாலயும் இருக்கலாம். ரெண்டுமே நான் செஞ்சதுதான்."

திட்டுவார் என்று நின்றேன். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அது கோபத்தில் வந்த அழுகை இல்லை. "மூட்டையைத் தாழ்வாரத்துல வெச்சேனே, பூசணத்தைத் தின்னுதான் போயிடுத்துன்னு நெனச்சிண்டிருந்தேம்ப்பா. நானே கொன்னுட்டேன்னு. அதை எப்படி எழுதறதுன்னுதான் அவருக்கு எழுதவேயில்லை" என்றார். இரண்டு வாரமாக என் பாரத்தை அவர் சுமந்திருக்கிறார். அவருக்குக் கொடுக்க வேண்டியது இந்த ஒரு வார்த்தைதான். நான் கிஸ்மிஸைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழசு, புதுசு இரண்டு குச்சியையும் நிறுத்தினோம். தண்ணீரும் காய்ந்த புல்லும் மட்டும். அன்று முழுக்கப் பஞ்சு புல்லை மோந்து பார்த்ததோடு சரி. மறுநாள் மத்தியானம் போனபோதும் அப்படியேதான் இருந்தது. மாமி ஒவ்வொரு புல்லாக நீட்டிக்கொண்டிருந்தார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. எதையும் தின்னாமல் கிடக்கிறதே, நம் யோசனையும் தப்போ என்று எனக்குப் பயம். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றும் தின்னாவிட்டால் டின்னில் இருக்கும் பழசைத் திறந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே 'கருக்' என்று ஒரு சத்தம். இரண்டு முன்னங்கைகளாலும் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு, நீளவாக்கில், ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே போனது. மாமி என் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்றாம் நாள் புழுக்கை அரிசி அளவுக்கு வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் காட்டினார். "ரொம்ப சந்தோஷம் மாமி, மடிச்சு உள்ள வைங்க" என்றார் அண்ணாச்சி.

மறுபடி இரண்டு குச்சியிலிருந்து ஆரம்பித்தோம். ஆளில்லாமல் போன பட்டுவின் பங்கும் டின்னில் இருந்ததால் பழசு தட்டுத்தடுமாறிக் கடைசிவரை வந்தது. அதற்குள் மாமி கணவருக்கு எழுதிவிட்டார். தபாலில் சேர்க்கும் முன் எனக்கு அந்த இடத்தைப் படித்துக் காட்டினார்: 'பட்டு போய்விட்டது. முன்னமே எழுதியிருக்க வேண்டும். தப்பு எதனால் என்று சரியாகத் தெரியவில்லை. பஞ்சு நன்றாகச் சாப்பிடுகிறது.' என் பெயரோ கடையின் பெயரோ அதில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் மாமி என்றேன். "வேண்டாம்ப்பா" என்று உறையை ஒட்டிவிட்டார்.

கடைசியில் எனக்கும் அண்ணாச்சிக்கும்தான் சண்டை. டப்பாவை எடுத்துவிடலாம் என்றேன். "கொசுறில்லாம ஆள அனுப்புத கடைக்கு நான் மொதலாளியா இருக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே புல்காரியிடம் போய், அவளிடம் விலைபோகாமல் கிடக்கும் காய்ந்த புல்லைத் தினமும் ஒரு கட்டு போடச் சொல்லிவிட்டு வந்தார். கிளிக்காரருக்கு டப்பா இருந்தது. முயல், கினிப் பன்றி என்று வந்தால் புல். அதையும் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தோம்: வீட்டில் வேறு என்ன தின்கிறது, இன்றைக்கு என்ன தின்றது?

பஞ்சு முழுக்க எங்கள் தீவனத்துக்கு மாறிய பிறகு மாமி முதல் முறையாக ஒரு பெரிய பை வாங்க வந்தார். நிறுத்துக் கட்டினேன். அண்ணாச்சியின் கை பழக்கதோஷத்தில் டப்பாவுக்குப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது. நான் ஒரு பிடி காய்ந்த புல்லை எடுத்து, அதே கடைக் காகிதத்தில் சுருட்டி நீட்டினேன்.

"இதுதான் இப்போ கொசுறா?" என்று மாமி பிரித்து மோந்து பார்த்தார். மறுபடி பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இதை அன்னிக்கே பட்டுவுக்குக் குடுத்திருக்கலாமேப்பா."

"குடுத்திருக்கலாம் மாமி" என்றேன்.